யாருக்கும் வராத விடியற்காலைச் செய்தி

அத்தியாயம் 6

ஒன்றில் அந்தக் கொம்பியூட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது, இல்லையென்றால் அதன் முன்னால் கதிரையில் இருந்த பெண் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். எது என்று பின்னேரக் கூட்டத்துக்கு முன் தெரிந்தாகவேண்டும். சாம்பலோடைக் குளத்துக் கமக்காரர் அமைப்பு அந்தக் கூட்டத்தைக் கூட்டியதே அவளைக் கள்ளி என்று முடிவுகட்டி, வேலையிலிருந்து தூக்கிப் பொலிசில் கொடுக்கத்தான்.

துப்பறியும் உதவியாளன் கிருசாந்தனைக் கேட்டால் பெண்தான் என்பான். முப்பது வயதுக்குள் அவன் கற்றுக்கொண்ட துப்பறியும் சாத்திரம் இரண்டே வரி. அழுகிறவளைச் சந்தேகப்படு; அழாதவளை இன்னும் கூடச் சந்தேகப்படு. நிரோஜா அழவில்லை. முள்ளியவளையிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா, இவாதான்," என்று நேசமலரின் காதுக்குள் சொன்னான். "கெதியா முடிச்சமெண்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓமந்தைக்குப் போயிடலாம்."

வவுனியாவில் போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே துப்பறியும் பணியகம் நடத்துகிற நேசமலருக்கு ஐம்பது வயது. மழையோ வெயிலோ கையில் ஒரு குடை இருக்கும். அந்தக் குடையின் முனை இப்போது கிருசாந்தனின் கால் பெருவிரலில் மெல்ல இறங்கியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"பழனியாண்டி ஐயா, நீங்கள் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ," என்றாள் அவள்.

இந்த வழக்கோடு வவுனியா வரை அவளைத் தேடிக்கொண்டு வந்தவர் பழனியாண்டிதான். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த அவருடைய அப்பா காடு வெட்டித் திருத்திய காணி, கடைசி வாய்க்காலின் நுனியில் இருக்கிறது. அவர் கதிரையில் இருக்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"மூணு மொறையா எங்க வாய்க்காலுக்குத் தண்ணி இல்லீங்கம்மா. தண்ணி தொறக்குறது விடியக்காலம். எங்களுக்கு சேதி வந்தா நாங்க மம்பட்டியோட வாய்க்கா தலைப்புல வந்து நிப்போம். சேதி வரல, நாங்க வரல. ஆளு நிக்காத மொறைத் தண்ணி அடுத்த வயலுக்குன்னு இங்க சட்டம். பயிரு கதிரு தள்ளுற குடலையில நிக்குது. நாளைக்கும் வுட்டுட்டா மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்."

"முதல் வாய்க்கால்காரருக்கும் மெசேஜ் வரேல்லையோ?"

"அவங்களுக்கு எதுக்கும்மா சேதி? தண்ணி தொறக்குற துருசுக்குப் பக்கத்துலயே வீடு. தண்ணி சத்தம் கேட்டு எந்திரிச்சிருவாங்க."

பிறகு அவர் நிரோஜாவைப் பார்க்காமலே சொன்னார். "இந்தப் புள்ள வாடகைக்கு இருக்குறதும் மொத வாய்க்காக்காரங்க வீட்டுலதான். சோறு போடுற வீட்டுக்கு நன்றி காட்டுதுபோல."

கேட்டாயா என்பதுபோலக் கிருசாந்தன் புருவத்தை உயர்த்தினான்.

வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்தவர் பெருமூச்சு விட்டார். அமைப்பின் தலைவர் தவராசா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, ஊர்ப் பாரம் முழுவதும் தன் தோளில்தான் என்கிற முகம்.

"எனக்கும் கவலைதான் அம்மா," என்றார். "படிச்ச பிள்ளை. ரோச் லைற் கொண்டு வாங்கோ, ரோட்டில யானை நிக்குது எண்டு வடிவாத்தான் மெசேஜ் எழுதுறா. அனுப்பத்தான் மனம் வரேல்லை. என்ன செய்யிறது, ஏழைச் சனத்தின்ர வயிறு. நான் பேசாமல் இருக்கேலாது."

வெளியே எட்டித் துப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பழனியாண்டி அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிடாத குறை. "எங்களுக்காகப் பேசுறவரு அவரு ஒருத்தருதாங்க," என்று சொல்லிவிட்டு அவரும் வயலுக்குக் கிளம்பினார்.

அறையில் மூன்று பேரும் கொம்பியூட்டரும் மிஞ்சினார்கள்.

"இப்ப நீ சொல்லு பிள்ளை," என்றாள் நேசமலர்.

நிரோஜாவின் குரல் காய்ந்திருந்தது. "குளத்து மட்டத்தை அளக்கிற கருவி ஒண்டு இருக்கக்கா. விடியக்காலமை அதைப் பாத்து, எந்த வாய்க்காலுக்குத் தண்ணி எண்டு இந்தப் புரோகிராம் முடிவெடுத்து எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும். முந்தி நானே விடிய வந்து இந்தப் பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்துறனான். அப்ப ஒரு பிழையும் இல்லை. பேந்து யானை ரோட்டுக்கு வரத் தொடங்கீட்டுது. இருட்டுக்குள்ள சைக்கிளில வரேலாது. தலைவர்தான் சொன்னவர், பிள்ளை, உயிரைக் குடுத்து வேலை செய்யவேண்டாம், தானா ஓடுற மாதிரிச் செய் எண்டு. அதே புரோகிராமைத்தான் நேரம் குறிச்சு ஓட விட்டிருக்கிறன். ஒரு எழுத்தும் மாத்தேல்லை."

"அது ஓடினதோ?"

"ஓடினது. எல்லாருக்கும் அனுப்பியாச்சு எண்டு ஒவ்வொரு முறையும் எழுதி வச்சிருக்கு. ஆனா ஆருக்கும் போகேல்லை. பகலில நான் பட்டனை அழுத்தினா எல்லாருக்கும் போகுது. அதுதான் வேணுமெண்டு செய்யிறன் எண்டு சொல்லீனம்." கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "அக்கா, பொலிஸ் வந்து கொண்டுபோச்செண்டா பேந்து எனக்கு ஆர் வேலை தருவினம்? பழனியாண்டி ஐயா என்ர முகத்தைப் பாக்கிறாரில்லை. அதுதான் தாங்கேலாமல் இருக்கு."

கிருசாந்தனின் சாத்திரம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனாலும் அவன் விடவில்லை. நல்ல நடிகைகளும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"தள்ளுங்கோ," என்று கதிரையைப் பிடித்துக்கொண்டான். கொம்பியூட்டர் படிப்பை இரண்டாம் வருடத்தில் கைவிட்டவன் அவன். அதைப் படித்து முடித்தவர்களைவிட அதிகமாகக் கதைப்பதற்கு அந்தத் தகுதி போதும் என்று அவன் நம்பினான். "மெசேஜ் போற பட்டியலில கிருசாந்தன் எண்டொருவர் மட்டும் இருக்கிறமாதிரிச் செய்யுங்கோ. சோதனை எண்டு ஒரு மெசேஜ் அனுப்பிப் பாப்பம்."

இணையப் பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தினான். அவனுடைய போன் உடனே கத்தியது.

"இனி, தானா ஓடேக்க எப்பிடி ஓடுதோ அப்பிடி."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். அதில் பட்டன் கிடையாது, படம் கிடையாது. கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கவேண்டும். விடியற்காலையில் யாரும் இல்லாத அறையில் கொம்பியூட்டர் தனக்குத்தானே அடித்துக்கொள்கிற அதே கட்டளையை அவன் அடித்தான். 'அனுப்பியாயிற்று' என்று திரை பவ்வியமாகப் பதில் சொன்னது.

போன் மூச்சு விடவில்லை.

"அடி சக்கை!" என்றான் கிருசாந்தன். "ஒரே புரோகிராம். ஒரே கொம்பியூட்டர். முகத்துக்கு முன்னால ஒரு கதை, முதுகுக்குப் பின்னால ஒரு கதை. உது அரசியலுக்கு வரவேண்டிய சாமான்."

வேறொரு பிரதி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினான். இல்லை. வேறு கோப்புறையில் ஓடுகிறதா? இல்லை. இரண்டு பக்கமும் வேலை செய்கிற மென்பொருளின் அமைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திடீரென்று மேசையில் ஓங்கி அடித்தான்.

"பிடிச்சிட்டன்! மணியைப் பாருங்கோ. இணையப் பக்கத்துக்கு எங்கட நேரம். கறுப்புத் திரைக்கு லண்டன் நேரம். இருக்கிறது நெடுங்கேணிப் பக்கம், மணிக்கூடு மட்டும் லண்டன். லீவில வந்த மாப்பிள்ளை மாதிரி!"

அந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. போன தவராசா திரும்பி வந்திருந்தார். வெயிலில் வேகமாக மிதித்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது.

"என்ன தம்பி, கொம்பியூட்டரைக் கிண்டுறியளோ? ஏதும் அம்பிட்டுதோ?"

"அம்பிட்டுது ஐயா! நேரம் பிழைச்சிருக்கு. மணிக்கூட்டுப் பிரச்சினை, அவ்வளவுதான்."

தவராசாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா. மணிக்கூடோ? சரி, சரி. எண்டாலும் கவனமில்லாத பிள்ளைதானே. கூட்டத்தில கதைப்பம்." வந்ததைவிட மெதுவாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

நேசமலர் அவருடைய சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"கிருசா, நேரம் பிழைச்சா மெசேஜ் பிந்தி வரும். வராமலே போகுமோ?"

கிருசாந்தன் தலையைச் சொறிந்தான். அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்று நேசமலர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தால் சொன்னாள்.

"எனக்கு உந்தச் சாமான் விளங்காது," என்றாள். "ஆனா மனுசரை விளங்கும். எங்கட பெரியப்பா ஒராள் இருந்தவர். கோயிலுக்குப் போனா திருநீறும் தேவாரமும். கள்ளுக்கொட்டிலுக்குப் போனா வேற வாய். ஆள் ஒண்டுதான். நிக்கிற இடத்தைப் பாத்துத்தான் ஆள் மாறுறவர். உந்தப் புரோகிராமும் தான் எங்க நிக்கிறன் எண்டு பாக்குதோ?"

நிரோஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாக்கலாம் அக்கா. இணையப் பக்கமாத் திறந்தா எங்கட இணையத்தளத்தின்ர பேர் அதுக்குத் தெரியும். கறுப்புத் திரையில ஓடேக்க தளமே இல்லை. அந்தப் பேர் வெறுமையா இருக்கும்."

"அப்ப அந்தப் பேரை எங்கயாவது கேக்குதோ எண்டு தேடு."

தேடினார்கள். நிரோஜா இத்தனை நாளும் தலையை உடைத்துக்கொண்டிருந்த பெரிய கோப்பில் ஒன்றும் இல்லை. அது கூப்பிடுகிற சின்னக் கோப்பு ஒன்று, அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டது, ஒருவரும் கைவைக்காமல் மூலையில் கிடந்தது. அதைத் திறந்ததும் கிருசாந்தன் விசில் அடித்தான்.

"அக்கா, வாங்கோ. கள்ளுக்கொட்டில் இஞ்ச இருக்கு."

அதில் எழுதியிருந்தது இதுதான்: தளத்தின் பெயர் வெறுமையாக இருந்தால் இது சோதனை ஓட்டம் என்று அர்த்தம். கமக்காரர் ஒருவரையும் தொந்தரவு செய்யாதே. ஒவ்வொருவருடைய செய்திக்கும் முன்னால் அவரவர் பெயரைப் போட்டு, எல்லாவற்றையும் கீழே உள்ள ஒரே இலக்கத்துக்கு அனுப்பு. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: 'ஜனகன், சோதனைக்கு.'

"ஜனகன் எனக்கு முந்தி இருந்தவர்," என்றாள் நிரோஜா. கண்கள் விரிந்துபோயிருந்தன. "அவர்தான் இதைச் செய்தவர். தன்ர மடிக்கணினியில கறுப்புத் திரையிலதான் ஓட்டிப் பாக்கிறவர் போல. சனத்துக்கு மெசேஜ் போகக்கூடாது எண்டு இப்பிடி வச்சிருக்கிறார். அவருக்கு அது சரி. நான் தானா ஓட விட்டதும் அது என்னைச் சோதனைக்காரி எண்டு நினைச்சிட்டுது. அக்கா, மெசேஜ் போகாமல் இருக்கேல்லை. எல்லாம் போயிருக்கு. எல்லாம் ஒரே போனுக்குப் போயிருக்கு!"

"அந்தாள் இப்ப எங்க?"

"கனடாவிலயாம்."

"போச்சு," என்றான் கிருசாந்தன். "பழனியாண்டி ஐயான்ர தண்ணி கனடாப் பனிக்குள்ள உறைஞ்சுபோய்க் கிடக்கு. வழக்கு முடிஞ்சுது. இந்த நம்பருக்கு அடிச்சுப் பாப்பமோ?"

"போனைக் கீழ வை!" குடை மேசையில் விழுந்த சத்தத்தில் இருவரும் துள்ளினார்கள். "அடிச்சியெண்டா அடுத்த நிமிசம் சிம் கிணத்துக்குள்ள போயிடும். கனடா போறவன் இஞ்சத்தைச் சிம்மைக் கொண்டுபோறதைக் கண்டனியோ? பாங்கில இருந்து கோட் இந்த நம்பருக்குத்தானே வரும். அதுக்காகச் சிம்மை உயிரோட வச்சிரு, கோட் வந்தா வாசிச்சுச் சொல்லு எண்டு ஆரையாவது நம்பிக் குடுத்திட்டுத்தான் பிளேன் ஏறுவான். எங்கட சனத்தில பாதிப் பேரின்ர வீட்டில இப்பிடி ஒரு சின்னப் போன் கிடக்கு. அது ஆற்ற கையில எண்டுதான் கேள்வி."

அறை சட்டென்று சின்னதாகிவிட்டதுபோல இருந்தது கிருசாந்தனுக்கு. இந்த ஊரில் யாரோ ஒருவர், விடியற்காலையில், இன்னொருவருடைய பெயர் போட்ட செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. யாராகவும் இருக்கலாம். நிரோஜாவின் வீட்டுக்காரராக இருக்கலாம். காலையில் வழியில் தேநீர் தந்த கடைக்காரராகவும் இருக்கலாம். ஏன், தண்ணீர் இல்லை என்று அழுத பழனியாண்டியாகவே இருந்தால்? அவனுக்கு எல்லார்மேலும் சந்தேகம் வந்தது.

நேசமலருக்கு அப்படி ஒன்றும் வந்த மாதிரித் தெரியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டே கேட்டாள். "நிரோஜா, ரோச் லைற், யானை எண்டு ஒவ்வொரு முறையும் எழுதுறனியோ?"

"இல்லையக்கா. கடைசி முறைக்கு மட்டுந்தான். அண்டைக்கு இரவு யானை ரோட்டில நிண்டது. வீட்டில இருந்து நானே சேர்த்து விட்டனான். அதைத்தான் ஒருத்தரும் காணேல்லையே."

"ம்," என்றாள் நேசமலர். அவ்வளவுதான்.

கடைசி வாய்க்கால் வரைக்கும் போய்வரவேண்டும் என்றாள். மோட்டார் சைக்கிள் வரம்புப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. பழனியாண்டியின் வயலில் மண் வெடித்து, வெடிப்புக்குள் கையை விடலாம்போல இருந்தது. பயிர் இன்னும் பச்சைதான், ஆனால் இலைகள் சுருண்டுவிட்டன. மேற்பக்கத்து வயலோ கண்ணைப் பறிக்கிற செழிப்பு. ஒரு வரம்புதான் இடையில். கிருசாந்தன் மோட்டார் சைக்கிளை நிழல் தேடி நிறுத்திவிட்டு வருவதற்குள், நேசமலர் அந்தச் செழித்த வயலைக் காட்டி ஏதோ கேட்டு, பழனியாண்டி ஏதோ சொல்லி முடித்துவிட்டார்.

"என்னக்கா சொன்னவர்?"

"பயிர் நல்லா இருக்கெண்டு."

"எனக்குச் சொல்லமாட்டியள், என்ன? நான் உங்கட உதவியாளனோ, குடைக்கு மாட்டுற ஆணியோ?"

"ஆணிக்கு வாயில்லை. உனக்கும் பின்னேரம் வரைக்கும் இல்லை," என்றாள் நேசமலர்.

பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. தகரக் கூரை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. முதல் வாய்க்கால்காரர் ஒரு பக்கம், கடைசி வாய்க்கால்காரர் மறுபக்கம், நடுவில் ஆள் இல்லாத ஓர் ஒழுங்கை. முன்மேசையில் தலைவர் தவராசா. பக்கத்தில், கடைசி வாய்க்கால்காரருக்காகப் பேச, பழனியாண்டியை அவரே கூப்பிட்டு இருத்தியிருந்தார். நிரோஜாவும் கிருசாந்தனும் பக்கத்து அறையில் கொம்பியூட்டரோடு இருந்தார்கள். நடுச்சுவரில் ஒரு யன்னல் இருந்ததால் எல்லாம் தெரிந்தது.

நேசமலர் எழுந்தாள். "ஒரு சின்ன விளையாட்டு. எல்லாரும் போனை எடுத்து முன்மேசையில வையுங்கோ. சத்தத்தைக் கூட்டி வையுங்கோ."

முதல் ஆளாகத் தவராசாவே தன் பெரிய போனை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிறமாதிரி மேசை நடுவில் வைத்தார். "ஒளிக்க எங்களிட்ட என்ன இருக்கு?" என்று சிரித்தார். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். மேசை போன்கடைபோல ஆகிவிட்டது.

"பிள்ளை, பட்டனை அழுத்து!"

நிரோஜா இணையப் பக்கத்தில் அழுத்தினாள். மேசை முழுக்க ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியது. மணியோசை, சினிமாப் பாட்டு, சேவல் கூவல், நல்லூர் முருகன் பக்திப் பாடல், எல்லாம் ஒன்றாக. சனம் சிரித்துவிட்டது.

தவராசா கையை உயர்த்தினார். "பாத்தியளோ? வேலை செய்யுது. அப்ப விடிய ஏன் செய்யேல்லை? மணிக்கூடு எண்டு சாட்டுச் சொல்லவேண்டாம். மனம்தான் இல்லை."

கடைசி வாய்க்கால் பக்கத்தில் ஒரு உறுமல் எழுந்தது. "கள்ளி!" என்று யாரோ கத்தினார்கள். நிரோஜா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டதைக் கிருசாந்தன் பார்த்தான். காலையில் இவளைச் சந்தேகப்பட்ட வாயை ஏதாவது போட்டுக் கழுவவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"இனி விடிய ஓடுற மாதிரி," என்றாள் நேசமலர். "எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. மூச்சும் மெல்ல விடுங்கோ."

கறுப்புத் திரையில் கிருசாந்தன் கட்டளையை அடித்தான்.

மேசையில் இருந்த ஒரு போனும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் மேசை நடுவில் இருந்த தவராசாவின் பெரிய போனில் விழுந்தது. அது கறுப்பாக, சமர்த்தாகக் கிடந்தது. தவராசா அதைச் சுட்டிக்காட்டிப் புன்னகைத்தார். கிருசாந்தன் யன்னலோடு ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். அக்காவின் கணக்கு பிழைத்துவிட்டதா?

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பாவுக்குள் வண்டு அகப்பட்டதுபோல, கிர்ர்... கிர்ர்... கிர்ர்... நிற்கவில்லை. ஒன்று முடிய ஒன்று.

முதலில் தலையைத் திருப்பியவர் பக்கத்தில் இருந்த பழனியாண்டி.

"தலைவரே, ஒங்க மடியில என்னமோ சத்தம் போடுதுங்க."

தவராசாவின் கை வேட்டி மடியை அழுத்திப் பிடித்தது. அமுக்க அமுக்கச் சத்தம் கூடியது. மடிக்குள் பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகமும் ஒரு சின்னப் பட்டன் போனும் ஒன்றாகக் கிடந்தன. சத்தத்தை நிறுத்தி, நடுக்கத்தை மட்டும் விட்டு வைத்த போன் அது. கரண்டகத்தோடு முட்டி முட்டி ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

"அது... அது என்ர பெறாமகன்ர, தமையன்ர மகன்ர போன். ஜனகன்ர. பாங்கில இருந்து கோட் வரும், வாசிச்சுச் சொல்லவேணும், அதுக்காக..."

"நாப்பது கோட் ஒண்டா வருமோ?" என்றாள் நேசமலர். "காலமை இணையப் பக்கத்தில அனுப்பேக்க நீங்கள் வரேல்லை. கறுப்புத் திரையில அனுப்பின கையோட மூச்சு வாங்க ஓடி வந்தியள். கிருசாந்தன் எண்ட பேரில சோதனை எண்டு வந்தது இந்தப் போனுக்குத்தானே? பேந்து, ஒருத்தருக்கும் கிடைக்காத மெசேஜில ரோச் லைற்றும் யானையும் இருந்தது உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

பழனியாண்டி கையை நீட்டினார். அந்தக் கைக்கு மறுப்புச் சொல்லத் தலைவரால் முடியவில்லை. போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். சின்னப் போனில் செய்திகளை ஒவ்வொன்றாகத்தான் அழிக்கவேண்டும். ஊர் முழுவதின் செய்திகளையும் அழிக்கிற பொறுமை தவராசாவுக்கு இருந்திருக்கவில்லை.

ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பழனியாண்டி: உங்கள் வாய்க்காலுக்கு இன்று ஐந்து மணிக்குத் தண்ணீர். ரோச் லைற் கொண்டு வாருங்கள். ரோட்டில் யானை நிற்கிறது."

திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"இது எனக்கு வந்த சேதிங்க," என்றார். "எம் பேரு போட்டிருக்கு. எம் பேர பார்த்துட்டுத்தானே தலைவரே அந்தத் தண்ணிய கட்டுனீங்க?"

தவராசா துள்ளி எழுந்தார். "நான் என்ன களவெடுத்தனானே? மெசேஜ் தானா வந்தது. நான் கேட்டனானோ? முறைக்கு ஆள் நிக்காட்டி தண்ணி அடுத்த வயலுக்கு. அது அமைப்பின்ர சட்டம்!"

"அந்த அடுத்த வயல் ஜனகன்ர," என்றாள் நேசமலர், மண்டபத்தைப் பார்த்து. "அதில கமம் செய்யிறது இவர். மத்தியானம் பழனியாண்டி ஐயாதான் சொன்னவர். நல்ல மனுசன், எங்களுக்காக நிக்கிறவர் எண்டும் சொன்னவர்." பிறகு தவராசாவிடம் திரும்பினாள். "மெஷின் விட்டது பிழை. ஜனகன் செய்தது பிழையில்லை, தன்ர சோதனைக்கு வச்சது. ஒரு மெசேஜை ஆளுக்குக் காட்டியிருந்தியளெண்டா அண்டைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். அதைச் செய்யாமல், அந்தப் பிள்ளையைக் கள்ளியாக்கக் கூட்டமும் வச்சியள் பாருங்கோ. அதுக்கு எந்தச் சட்டத்தில இடமிருக்கு?"

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். சொன்னவர் முதல் வாய்க்கால்காரர். அதோடு நடுவில் இருந்த ஒழுங்கை மறைந்துவிட்டது. எல்லாரும் எழுந்து ஒன்றாகக் கத்தினார்கள். தவராசா தன் பெரிய போனைக்கூட எடுக்காமல் பின்வாசலால் போனார். தலைவர் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

கிருசாந்தன் யன்னலுக்குள் தலையை விட்டான். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டுதான் அக்கா படிச்சனான். மடி குறுகுறுத்ததை இண்டைக்குத்தான் கண்டன்."

"வாயை மூடிக்கொண்டு பிள்ளைக்கு உதவி செய்," என்றாள் நேசமலர். ஆனால் சிரித்தாள்.

நிரோஜா அந்தச் சின்னக் கோப்பில் பழைய வரியை எடுத்துவிட்டாள். தளத்தின் பெயர் தெரிகிறதோ இல்லையோ, இனிச் சோதனை என்று அவள் வாயால் சொன்னால்தான் சோதனை. கட்டளையை இந்தமுறை அவளே கறுப்புத் திரையில் அடித்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மண்டபத்து மேசை சேவலும் மணியும் முருகனுமாகக் கத்தத் தொடங்கியது. எல்லாம் ஓய்ந்தபிறகு, ஓரத்தில் கிடந்த ஒரு பழைய போன் தனியாக ஒருமுறை கூவியது. பழனியாண்டியுடையது.

அவர் அதை எடுத்துக்கொண்டு யன்னலடிக்கு வந்தார். காலையிலிருந்து முதல்முறையாக நிரோஜாவின் முகத்தை நேராகப் பார்த்தார். கள்ளி என்று கத்தியவர்களில் அவருடைய சொந்த மருமகனும் இருந்தான். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி, போனை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

அவருடைய அவதியைப் பார்த்து நிரோஜாவே பேசினாள். "பயப்பிடாதேங்கோ ஐயா. நாளைக்கு விடிய நானே வந்து பட்டனை அழுத்துறன். இனி ஒருத்தருக்கும் சந்தேகம் வேண்டாம்."

பழனியாண்டி தலையை ஆட்டினார். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ வர வேணாம் புள்ள. ரோட்டுல யானை நிக்கும். நீ தூங்கு, சேதி தன்னால வரும். நான் மம்பட்டியோட தலைப்புல நிப்பேன்."